மூட்டை என்றால் எத்தனை கிலோ? எம்பிஏ ஆய்வு முன்மொழிவு எழுதுகிறவர்களுக்கு

"தஞ்சாவூர் மாவட்ட விவசாயிகளின் நெல் விற்பனைப் பிரச்சினைகள்: ஓர் ஆய்வு." எம்பிஏ இறுதியாண்டில் கைடு மேசைக்கு வருகிற தலைப்புகளில் பல இந்த அச்சில்தான் இருக்கும். நெல்லின் இடத்தில் திருபுவனம் பட்டு வரும், நாச்சியார்கோவில் குத்துவிளக்கு வரும், மகளிர் சுயஉதவிக் குழு வரும். இந்தத் தலைப்பை வைத்துக்கொண்டு பன்னிரண்டு பக்கம் எழுதிவிடலாம். களத்துக்குப் போகிற முதல் நாளே அது கைவிட்டுவிடும். யாரிடம் போய் எதைக் கேட்பது என்பது அந்தப் பன்னிரண்டு பக்கத்தில் எங்கும் இருக்காது.

மேலாண்மை ஆய்வுக்கு ஒரு முதலாளி வேண்டும். சம்பளம் தருகிறவர் என்ற பொருளில் சொல்லவில்லை. உங்கள் ஆய்வின் விடையைப் பார்த்து ஏதாவது ஒன்றைச் செய்யலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போகிற ஒரு ஆள், ஒரு சங்கம், ஒரு கிளை மேலாளர். அந்த ஆள் யார், அவர் கையில் இருக்கிற முடிவு எது என்று ஒரே வாக்கியத்தில் எழுத வந்துவிட்டால் முன்மொழிவின் பாதி வேலை முடிந்தது. அது வராதவரை பின்னணி, நோக்கம், கருதுகோள் என்று எத்தனை தலைப்பு போட்டாலும் எல்லாம் காற்றில்தான் நிற்கும்.

மேலே சொன்ன நெல் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். பாபநாசம் வட்டத்தில் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நெல் உலர்த்தும் இயந்திரம் ஒன்று வாங்கலாமா என்று அதன் இயக்குநர்கள் யோசிக்கிறார்கள். குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் மழையோடு சேர்ந்து வருகிறது. அறுவடை மெஷின் அறுத்த நெல் ஈரமாகவே இறங்குகிறது. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு விதிக்கப்பட்ட ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மழை ஆண்டுகளில் மாநில அரசு தளர்வு கேட்டு எழுதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்கும், அனுமதி வர நாளாகும். அதுவரை நெல் தார்ச்சாலையில் காயும், தார்ப்பாய்க்கு அடியில் முளைவிடும். இல்லையென்றால் வயலுக்கே வந்து எடுக்கிற வியாபாரிக்குப் போகும். இப்போது கேள்வி தானாகவே உருவாகிவிடுகிறது: காயவைக்க இடமில்லாததால்தான் விவசாயிகள் வியாபாரியிடம் போகிறார்களா, அல்லது வேறு காரணத்தாலா? காரணம் வேறு என்றால் அந்த நிறுவனம் இயந்திரம் வாங்கினாலும் நெல் வராது. முடிவு இந்த விடையைத்தான் நம்பியிருக்கிறது. தலைப்பையும் இதிலிருந்தே எடுக்கலாம்: "குறுவை நெல் விற்பனை வழியைத் தேர்ந்தெடுப்பதில் உலர்த்தும் வசதியின் பங்கு: பாபநாசம் வட்டம்." பதினைந்து சொல்லுக்குள் பயிர், பருவம், இடம், எதற்கும் எதற்கும் தொடர்பு என்று நான்கும் வந்துவிட்டன.

சிக்கலைச் சொல்லும் பத்தியும் ஐந்தாறு வரிக்கு மேல் போக வேண்டியதில்லை. யாருக்கு என்ன நடக்கிறது, அதனால் என்ன இழப்பு, இதுவரை தெரியாதது எது, தெரிந்தால் யார் என்ன செய்வார்கள். அவ்வளவுதான். "இந்தியா ஒரு விவசாய நாடு" என்று தொடங்குகிற பின்னணியை முன்மொழிவை மதிப்பிடுகிற எந்தக் குழுவும் படிப்பதில்லை.

முந்தைய ஆய்வுகள் பகுதியில்தான் மாணவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். "இன்னார் 2015-ல் ஆய்ந்தார், இன்னார் 2018-ல் கண்டறிந்தார்" என்று வரிசையாக இருபது பத்தி வந்தால், அது படித்ததற்கு அடையாளம், ஆய்வு இடைவெளிக்கு ஆதாரம் ஆகாது. எக்செலில் ஆறு நிரல் போடுங்கள்: எந்த ஊர், யாரைக் கேட்டார்கள், எத்தனை பேர், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், என்ன கண்டார்கள், எதை விட்டார்கள். இருபது, இருபத்தைந்து கட்டுரையை இப்படி நிரப்பிவிட்டு நான்காவது, ஆறாவது நிரலை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். இடைவெளி அங்கே தெரியும். "பாபநாசத்தில் யாரும் செய்யவில்லை" என்பதை மட்டும் இடைவெளியாகச் சொன்னால் நிற்காது. ஊர் மாறியதால் காரண காரியம் மாறுகிறதா என்று சொல்ல வேண்டும். அறுவடையும் மழையும் ஒரே மாதத்தில் மோதுவது டெல்டா குறுவையின் தன்மை. வறண்ட நிலத்தில் அறுவடை நடக்கிற ஊரின் முடிவுகள் இங்கே பொருந்தாமல் போக அதுவே காரணமாகலாம் என்று எழுதினால் அது இடைவெளி. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்காவும், பதிவுசெய்யப்பட்ட முன்மொழிவுகளுக்கு ஷோத்கங்கோத்ரியும் இருக்கின்றன. இந்த இரண்டு இணையக் களஞ்சியங்களையும் இன்ஃப்ளிப்நெட் என்ற பல்கலைக்கழக நூலக வலையமைப்பு நடத்துகிறது. ஏற்றுக்கொள்ளப்பட்ட முன்மொழிவு எப்படி இருக்கும் என்று பார்க்க இரண்டாவதை ஒரு மதியம் புரட்டினாலே போதும்.

இரண்டாம் நிலைத் தரவு எடுக்கும்போது மாவட்ட எல்லையைக் கவனியுங்கள். பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991-ல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997-ல் திருவாரூர் வந்தது. 2020-ல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை பிரிந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மயிலாடுதுறை மாவட்டம் என்று ஒன்று கிடையாது. நாகையின் நெல் பரப்பைப் பத்தாண்டுக்கு வரைபடமாகப் போட்டுவிட்டு, 2020-க்குப் பின் வந்த சரிவை "விவசாயம் குறைந்தது" என்று விளக்குகிற முன்மொழிவு, வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியிலேயே உட்கார்ந்துவிடும். வட்ட அளவில் எண்களைக் கூட்டி ஒரே எல்லைக்குக் கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் ஆண்டுத் தொடரை 2020-ல் வெட்டிக் காட்டுங்கள்.

நோக்கங்கள் மூன்று போதும். நான்கு அதிகபட்சம். ஒவ்வொன்றும் ஒரு கணக்கில் போய் முடிய வேண்டும். "விழிப்புணர்வை ஏற்படுத்துதல்" என்பது ஆய்வின் நோக்கமாகாது, அது ஒரு திட்டத்தின் வேலை. "பரிந்துரைகள் வழங்குதல்" என்பதையும் எடுத்துவிடுங்கள். கருதுகோளும் அப்படித்தான். "உலர்த்தும் வசதிக்கும் விற்பனைக்கும் தொடர்பு உண்டு" என்றால் எதை எதோடு ஒப்பிடுவது? இப்படி எழுதிப் பாருங்கள்: ஒரு கிலோமீட்டருக்குள் உலர்களம் இருக்கிற விவசாயிகளுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையே, வியாபாரியிடம் விற்ற குறுவை நெல்லின் பங்கில் வேறுபாடு இல்லை. இது சூனியக் கருதுகோள், அதாவது வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டு தரவால் சோதிப்பது. இதில் இரண்டு குழு இருக்கிறது, அளக்க ஓர் எண் இருக்கிறது.

"பங்கு" என்ற சொல்லைக் கவனித்திருப்பீர்கள். கொள்முதல் நிலையமா வியாபாரியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வி இங்கே பொய்யான விடையைத் தரும். காய்ந்த நெல்லை நிலையத்துக்கும், மழையில் மாட்டிய நெல்லை வியாபாரிக்கும் ஒரே ஆள் விற்பார். அவரை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? மொத்தம் கண்டது எவ்வளவு, வீட்டுக்கு வைத்தது எவ்வளவு, நிலையத்தில் போட்டது எவ்வளவு, வியாபாரி எடுத்தது எவ்வளவு என்று நான்காகக் கேட்டால் பங்கு கணக்கில் வந்துவிடும்.

இனி மாதிரி. எத்தனை பேரைக் கேட்பது என்று கணக்கிடுகிற யாமனே சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் 1,200 உறுப்பினர்கள் என்றால், 5 சதவீதப் பிழைக்கு 1,200-ஐ 1 + 1,200 × 0.0025-ஆல் வகுக்க வேண்டும். கீழே 4, விடை 300. கணக்கு சரிதான். ஆனால் அந்தச் சூத்திரம் ஒரே ஒரு விகிதத்தை மதிப்பிடுவதற்கானது. நம் கேள்வியோ இரண்டு குழுவை ஒப்பிடுவது. நடுத்தர அளவு வேறுபாட்டை, 5 சதவீத முக்கியத்துவ நிலையில், 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும், ஆக 128. பதில் தராதவர்கள், பாதியில் எழுந்து போகிறவர்கள் என்று 15 சதவீதம் கழியும் என்று வைத்தால் சுமார் 150 பேரைத் தேட வேண்டும். ஒரு நேர்காணலுக்கு இருபத்தைந்து நிமிடம். வீடு தேடுவது, ஆள் வயலிலிருந்து வரும்வரை காத்திருப்பது எல்லாம் சேர்த்து ஒரு நாளில் எட்டுப் பேரைத் தாண்டுவது கடினம். 150 பேருக்கு 19 நாள். 300 என்று எழுதியிருந்தால் 38 நாள். அந்த நாள்கள் இல்லாமல்தான் கடைசி வாரத்தில் ஹாஸ்டலில் உட்கார்ந்து படிவத்தை நிரப்புகிற அவலம் நடக்கிறது. முன்மொழிவில் நாணயமாக 150 என்று எழுதிக் காரணம் சொல்வது, சூத்திரத்தின் பேரில் 300 என்று எழுதிவிட்டுப் பொய் சொல்வதைவிட நூறு மடங்கு மேல்.

அந்த 150-ஐயும் ஒரே ஊரில் எடுக்காதீர்கள். பக்கத்து வயல்காரர்கள் ஒரே வாய்க்கால், ஒரே வியாபாரி, ஒரே களம். அவர்கள் பதிலும் ஒன்றுபோலவே இருக்கும். மூன்று ஊரில் 50 பேரைவிட 15 ஊரில் பத்துப் பேர் அதிகம் சொல்வார்கள். பேருந்துச் செலவு கூடும், அதை பட்ஜெட்டில் போடுங்கள்.

எண்ணிக்கையைவிடப் பெரிய சிக்கல், பெயர்ப்பட்டியல் எங்கிருந்து எடுப்பது என்பது. கொள்முதல் நிலையத்தில் பதிவுசெய்தவர்கள் பட்டியல் கிடைத்தால் பலரும் மகிழ்ந்து போகிறார்கள். அதில் வியாபாரியிடம் மட்டும் விற்றவர் இருக்க மாட்டார். எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோமோ அந்த ஆளே பட்டியலில் இல்லை. இன்னும் ஒரு படி கீழே போங்கள். நிலையத்தில் நெல் போடச் சிட்டா (நிலம் யார் பெயரில் என்று காட்டும் ஆவணம்), அடங்கல் (என்ன பயிர் என்று காட்டும் கிராமப் பதிவு), வங்கிக் கணக்கு வேண்டும். டெல்டாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் ஏராளம். குத்தகைக்கும் வாய்மொழி ஒப்பந்தத்துக்கும் பயிரிடுகிறவர் பெயரில் சிட்டா இருக்காது. அடங்கலில் பெயர் ஏறாதவர், நெல் எவ்வளவு காய்ந்திருந்தாலும் வியாபாரியிடம்தான் போவார். இவர்களை விட்டுவிட்டு ஆய்வு செய்தால், உலர்களம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று விடை வரும். அந்த விடையை நம்பி நிறுவனம் இயந்திரம் வாங்கும். அதனால் ஊர்தோறும் வீடுகளைப் பட்டியலிட்டு அதிலிருந்து தேர்ந்தெடுப்பதாக எழுதுங்கள். "நிலம் யார் பெயரில்" என்ற கேள்வியைக் கட்டாயம் வையுங்கள். இந்த ஒரு பத்தி சரியாக இருந்தால் மற்றக் குறைகளைக் குழு மன்னித்துவிடும் என்றே சொல்லலாம்.

எல்லாத் தலைப்புக்கும் சூத்திரம் பொருந்தாது. சுவாமிமலையில் மெழுகு வார்ப்புச் சிற்பக்கூடங்களைப் பற்றி எழுதுகிறவர் கையில் அறுபது கூடங்களின் பட்டியல் இருந்தால் யாமனே 52 என்று சொல்லும். அறுபதையும் பார்த்துவிட வேண்டியதுதான். அல்லது பதினைந்து ஸ்தபதிகளிடம் ஆழமாகப் பேசி, புதிதாக எதுவும் வராத இடத்தில் நிறுத்துவதாக எழுதலாம்.

கேள்வித்தாளுக்கு வருவோம். முன்மொழிவை ஆங்கிலத்தில் கேட்கிற கல்லூரியாக இருந்தாலும், கேள்வித்தாளை முதலில் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதிப் பிறகு பெயர்த்தால் "ஏற்கவுமில்லை மறுக்கவுமில்லை" போன்ற வரிகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அறுபது வயதுக்காரர் அதைக் கேட்டுவிட்டு, "அப்படித்தான் தம்பி, போட்டுக்குங்க" என்று நடுக்கட்டத்தைத் தந்துவிடுவார். ஐந்து படி லைக்கர்ட் அளவுகோல் வேண்டும் என்றால் முதலில் "சரியா, இல்லையா" என்று கேளுங்கள். பிறகு "ரொம்பவா, ஓரளவா" என்று கேளுங்கள். இரண்டு படியாகக் கேட்டால் பதில் நிஜமாக வரும்.

டெல்டாவில் யாரும் ஏக்கருக்கு எத்தனை குவிண்டால் என்று பேசுவதில்லை. "மாவுக்கு எத்தனை மூட்டை கண்டுச்சு?" என்பதுதான் பேச்சு. மூன்று மா ஓர் ஏக்கர். மூட்டை என்பதில்தான் வலை இருக்கிறது. விவசாயியும் வியாபாரியும் பேசுகிற மூட்டை 60 கிலோ. கொள்முதல் நிலையத்தின் சாக்கு 40 கிலோ. "மாவுக்குப் பத்து" என்று ஒருவர் சொன்னால் 60 கிலோ கணக்கில் ஏக்கருக்கு 1,800 கிலோ. 40 கிலோ கணக்கில் 1,200 கிலோ. ஏக்கருக்கு ஆறு குவிண்டால் வித்தியாசம். ஒருவரே விளைச்சலை 60 கிலோ மூட்டையிலும் நிலையத்தில் போட்டதை 40 கிலோ மூட்டையிலும் சொல்வார். கூட்டிப் பார்த்தால் விளைந்ததைவிட விற்றது அதிகமாக வரும். ஒவ்வொரு மூட்டைக் கேள்விக்கும் பக்கத்தில் "எத்தனை கிலோ மூட்டை?" என்று ஒரு கட்டம் போடுங்கள். படிவத்தில் அவர் சொன்ன அலகிலேயே எழுதிக்கொண்டு, கிலோவாக மாற்றுவதை எக்செலில் வைத்துக்கொள்ளுங்கள். களத்தில் நின்று மனக்கணக்குப் போட்டால் பிழை எங்கே நுழைந்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

"கடந்த ஆண்டு" என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். போன குறுவையா, போன சம்பாவா, தை பிறந்ததிலிருந்தா என்று ஆளுக்கொரு பொருள். பருவத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஈரப்பதம் எத்தனை சதவீதம் இருந்தது என்று கேட்டாலும் எண் நினைவிருக்காது. "காயவைத்து வா என்று திருப்பி அனுப்பினார்களா? எத்தனை நாள் காத்திருந்தீர்கள்?" என்றால் நாள் கணக்கு நினைவிருக்கும். பணம் எப்போது வந்தது என்பதற்கு நினைவைக் கேட்க வேண்டியதில்லை. வங்கிக் கணக்கில்தான் வருகிறது, பாஸ்புக்கில் தேதி இருக்கும். "எடையும் பணப்பட்டுவாடாவும் திருப்தியா?" என்று இரண்டைச் சேர்த்துக் கேட்டால் எதற்குப் பதில் வந்தது என்று தெரியாது. செலவைக் கேட்கும்போது வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, மற்றவை என்று பிரித்துக் கேளுங்கள். "மற்றவை" என்று சொன்னதும் சற்று நிறுத்துங்கள். அவராகச் சொல்வதை எழுதுங்கள், தூண்டாதீர்கள்.

பகுப்பாய்வுக் கருவிகள் என்று கை-ஸ்கொயர், அனோவா, ரிக்ரஷன், காரணிப் பகுப்பாய்வு எல்லாவற்றையும் அடுக்குவது பலருடைய வழக்கம். ஒவ்வொரு கருவிக்கும் எதிரில் எந்த நோக்கம், எந்தக் கேள்வி எண் என்று எழுதிப் பாருங்கள். எதிரில் எதுவும் இல்லாத கருவியை அடித்துவிடுங்கள். அதேபோல் எந்த நோக்கத்துக்கும் போய்ச் சேராத கேள்வியையும் அடித்துவிடலாம். நாற்பது கேள்வி இருபத்தைந்தாகும். கை-ஸ்கொயர் என்றால், எதிர்பார்ப்பு எண்ணிக்கை ஐந்துக்குக் குறைவான கட்டங்கள் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வியாபாரியிடம் விற்றார், விற்கவில்லை என்று லாஜிஸ்டிக் ரிக்ரஷன் போடுவதானால், ஒரு காரணிக்குப் பத்துப் பேராவது சிறிய குழுவில் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. 150 பேரில் வியாபாரியிடம் விற்றவர் ஐம்பது என்றால் ஐந்து காரணிக்கு மேல் சேர்க்காதீர்கள். உலர்களத் தொலைவு, சிட்டா யார் பெயரில், பணத்தேவை, வியாபாரியிடம் முன்பணம், நிலத்தின் அளவு. ஐந்தும் ஆயிற்று.

கால அட்டவணையை மாதப் பெயரில் எழுதினால் டெல்டாவில் பொய்த்துப்போகும். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 ஆனது. இரண்டு மாத வித்தியாசத்தில் நடவும் அறுவடையும் நகர்ந்துவிடும். "அறுவடை முடிந்த மூன்றாம் வாரத்திலிருந்து" என்று பயிரோடு கட்டி எழுதுங்கள். இறுதிப் பருவத்து பிராஜெக்ட் பெரும்பாலும் ஜனவரியில் தொடங்குகிறது. அப்போது சம்பா அறுவடை. நிலையத்தில் மூட்டைக்குக் காவல் இருக்கிற விவசாயியை நிறுத்திக் கேள்வி கேட்பது முறையல்ல, பதிலும் சரியாக வராது. மாசி பிற்பகுதியில் வீட்டில் பாருங்கள். குறுவையைப் பற்றி அப்போது கேட்டால் நான்கைந்து மாதப் பழைய நினைவு. ரசீது, பாஸ்புக் இருந்தால் சமாளிக்கலாம் என்று வரம்புகள் பகுதியில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அனுமதிக் கடிதத்தைக் கடைசிக்கு வைக்காதீர்கள். அரசு அலுவலகமோ வங்கியோ, கல்லூரி முத்திரையோடு கடிதம் கொடுத்து மூன்று, நான்கு வாரம் முன்பே நடக்கத் தொடங்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். அந்த 30 நாளும் அட்டவணையில் ஒரு வரிசையாக இருக்கட்டும்.

முன்மொழிவின் சொற்கள் உங்களுடையவையாக இருக்கட்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில், பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை போனால் திருத்தித் திரும்பக் கொடுக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகலாம். சீனியரின் மாதிரிப் பகுதியை ஊர்ப்பெயர் மட்டும் மாற்றி ஒட்டும்போதுதான் இந்த எண் ஏறுகிறது. ஒட்டிய பத்தியில் வேறு ஊரின் மக்கள்தொகை அப்படியே நிற்பதும் உண்டு.

ஒப்புதல் படிவம் அரைப் பக்கம், தமிழில், படித்துக் காட்டும்படி இருக்க வேண்டும். யார் கேட்கிறார், எதற்கு, எவ்வளவு நேரம், எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் விடலாம், எழுந்தும் போகலாம், பெயர் எங்கும் வராது. ஆதார் எண் வாங்காதீர்கள். தனிநபர் தரவுக்கு 2023-ல் சட்டமே வந்துவிட்டது. பெயரும் படிவ எண்ணும் இருக்கிற நோட்டு தனி, பதில்கள் இருக்கிற கோப்பு தனி. அரசு மானியக் கணக்கெடுப்பு என்று நினைத்துப் பேசுகிறவர்கள் பலர் இருப்பார்கள். "இதனால் உங்களுக்குப் பணமோ சலுகையோ வராது" என்ற வரியை முதல் பத்தியிலேயே வையுங்கள், சத்தமாகவே படியுங்கள்.

சமர்ப்பிக்கும் முன் ஒரு சனிக்கிழமை, மாதிரியில் சேராத ஓர் ஊருக்குப் போய்ப் பத்துப் பேரிடம் கேள்வித்தாளைப் போட்டுப் பாருங்கள். எந்தக் கேள்வியில் "என்ன கேக்குறீங்க?" என்று திருப்பிக் கேட்கிறார்கள், எங்கே பக்கத்தில் நிற்பவர் பதில் சொல்கிறார், எது எல்லோரிடமும் ஒரே பதிலை வாங்குகிறது என்று ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். திருத்தியதை முன்மொழிவோடு பின்னிணைப்பாக வையுங்கள், பழைய வடிவத்தையும் சேர்த்து.